கோபுரத்தின் இடது பாதி

மட்டாஞ்சேரி
5.3.2001

மேலாளர் அவர்களுக்கு,
வர்ணிகா சாஃப்ட்வேர், அடையாறு, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று முறையும் "தங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரே பதில், ஒரே நொடியில் வந்தது. முக்கியமான கடிதத்தை ஒரு நொடியிலா படிப்பீர்கள்? சென்னைக் கம்பெனிதானே, தமிழில் எழுதித் தபாலில் போட்டால் யாராவது ஒரு மனிதர் கையால் பிரித்துத்தானே ஆக வேண்டும் என்று இதை எழுதுகிறேன். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் அப்பா சொல்லித் தந்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே யூதர் தெருவான ஜூ டவுனில் என் அண்ணன் அழகரின் சுக்கு கோடவுனுக்கு மேலே ஓர் அறையில் நான் கம்ப்யூட்டரில் படம் செய்கிறேன். கல்யாண வீடியோவுக்குத் தலைப்பு போட்டுத் தொடங்கியவள், இப்போது கட்டாத கட்டடத்தைக் கட்டியது போலக் காட்டும் படம் வரைக்கும் வந்திருக்கிறேன். காயலோரம் வரப்போகும் ஓர் அடுக்குமாடிக்கு மூன்று நிமிடப் படம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மூன்று நிமிடம் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு தனித்தனிப் படங்கள். உங்கள் வர்ணிகா ஒவ்வொன்றிலும் எங்கே வெயில், எங்கே நிழல் என்று கணக்குப் போட்டு வரைந்து தர நாற்பது நிமிடம் எடுக்கிறது. மொத்தம் நூற்றிருபத்தைந்து நாள்.

உங்கள் விளம்பரத் தாளில் பெரிய கோபுரம் ஒன்றைப் போட்டு "இரண்டு பிராசஸர், இரண்டு மடங்கு வேகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இரண்டு பிராசஸர் உள்ள மிஷின் வாங்கினேன். இரண்டு மடங்கை விடுங்கள், இரண்டு நிமிடம்கூடக் குறையவில்லை.

அடுக்குமாடியின் வரைபடம் மே மாதம்தான் முடிவாகும். பூமி பூஜை ஆகஸ்ட் பதினேழு, இங்கே சிங்ஙம் மாதத்து முதல் நாள். நடுவில் இருப்பது நூறு நாள். அன்றைக்குப் படம் ஓடாவிட்டால் என் அறையில் சுக்கு மூட்டை ஏறும், நான் அண்ணன் பார்க்கும் மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும். அப்படித்தான் பேச்சு. அண்ணன் மோசமானவர் இல்லை ஐயா, கீழே அவருக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான். இதெல்லாம் உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். உங்கள் விளம்பரத்தை உண்மையிலேயே நம்பிய ஓர் ஆள் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கற்பகம்


சென்னை - 20
14.3.2001

மதிப்பிற்குரிய கற்பகம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை ஒரு மனிதர்தான் பிரித்தார். எங்கள் மேலாளர் வெங்கிடராமன். பிரித்துவிட்டு மேசை மேசையாக அனுப்பினார். எல்லோரும் படித்துச் சிரித்தார்கள், மன்னிக்கவும். கடைசியில் என் மேசைக்கு வந்தபோது "இந்தப் பகுதியை எழுதியது நீதானேப்பா, பதிலையும் நீயே எழுது" என்று மேலே குறித்திருந்தார்.

ஆமாம், இரண்டு பிராசஸருக்கும் வேலையைப் பங்கிடும் பகுதி நான் எழுதியது. படத்தை நடுவில் வகிர்ந்து, இடது பாதியை ஒன்றுக்கும் வலது பாதியை மற்றதற்கும் கொடுத்துவிடுவேன். விளம்பரத் தாளில் இருக்கும் அந்த வரியும் என்னுடையதுதான். கடிகாரம் வைத்துப் பார்த்துத்தான் எழுதினேன். இரண்டு மடங்கு என்றால் இரண்டு மடங்குதான். அதனால் கோளாறு உங்கள் பக்கம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் (கோபித்துக்கொள்ளாதீர்கள்).

மிஷினில் எந்த விண்டோஸ் போட்டிருக்கிறீர்கள்? 98 என்றால், அதற்கு இரண்டாவது பிராசஸர் ஒன்று இருப்பதே தெரியாது. 2000 போட வேண்டும்.

உங்கள் தமிழில் பிழை எதுவும் இல்லை. கோபத்திலும் இல்லை.

தங்கள்,
ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
24.3.2001

ஒச்சப்பன் அவர்களுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். 98-தான்.

மலையாளத்தில் தலைப்பு எழுதும் பழைய புரோகிராம் ஒன்று வைத்திருக்கிறேன். அது 98-ல் மட்டும்தான் ஓடும். "மங்கள முகூர்த்தம்" என்று பொன்னெழுத்தில் சுழன்று வரவில்லை என்றால் இங்கே கல்யாணக்காரர்கள் கேசட்டை வாங்க மாட்டார்கள். அவர்களுக்காகப் புது மிஷினிலும் 98-ஐயே ஏற்றினேன். ஆக இரண்டு மாதமாக என் இரண்டாவது பிராசஸர் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. உங்கள் ஆபீசில் இதையும் மேசை மேசையாக அனுப்புங்கள். சிரிக்க உரிமை உண்டு.

இப்போது தலைப்பு வேலையைப் பழைய மிஷினுக்கு மாற்றிவிட்டு, புதியதில் 2000 போட்டேன். திரையில் இரண்டு பச்சைக் கட்டம் காட்டுகிறது. எது எவ்வளவு உழைக்கிறது என்று அதில் தெரிகிறது. நாற்பது நிமிடம் முப்பத்திரண்டு ஆயிற்று. சந்தோஷம். ஆனால் இருபது ஆகவில்லையே? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் ஒரு பிராசஸர் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கப்புறம் இருபத்திரண்டு நிமிடம் அதன் கட்டத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. இன்னொன்று தனியாக மூச்சுவாங்குகிறது.

என் படத்தை சி.டி.யில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இப்போது கோளாறு யார் பக்கம்? (கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

கற்பகம்


சென்னை - 20
5.4.2001

அன்புள்ள கற்பகம் அவர்களுக்கு,

என் பக்கம்.

சி.டி.யைப் போட்டுப் பார்த்த அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் படத்தில் இடது பக்கம் வெறும் வெள்ளைச் சுவர். வலது பக்கம் காயல், கண்ணாடி ஜன்னல்கள், தண்ணீருக்குள் மறுபடியும் அந்த ஜன்னல்கள், போதாததற்கு ஒரு படகு. நான் நடுவில் வெட்டிக் கொடுத்தால் சுவர் கிடைத்த பிராசஸர் சீக்கிரம் முடிக்காமல் என்ன செய்யும்?

நான் இதுவரை சோதித்ததெல்லாம் விளம்பரத் தாளில் இருக்கும் கோபுரப் படத்தை வைத்து. கோபுரத்தை நடுவில் வகிர்ந்தால் இடதும் வலதும் ஒன்றேதான். இங்கே எத்தனை பொம்மையோ அங்கேயும் அத்தனை பொம்மை. இரண்டு பாதியும் ஒரே நொடியில் முடிந்தன. நானும் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். உலகத்தில் எல்லாப் படமும் கோபுரம் மாதிரி இருக்காது என்று ஆபீசில் பதினொரு பேருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் கோபுரம் பார்த்து வளர்ந்தவர்கள்.

விளம்பர வரியை எடுத்துவிடலாம் என்று மேலாளரிடம் சொன்னேன். அடித்த தாள் தீரட்டும் என்கிறார். உங்களுக்கு இப்போதைக்கு ஒரு வழி சொல்கிறேன். வர்ணிகாவை இரண்டு தடவை திறந்து, ஒன்றில் ஒற்றைப்படை எண் படங்களையும் மற்றதில் இரட்டைப்படைப் படங்களையும் ஓடவிடுங்கள். ஆளுக்கு ஒரு முழுப் படம், சண்டை இல்லை.

இன்னொன்று. இங்கே என்னை எல்லோரும் "ஓச்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். உசிலம்பட்டிப் பெயர் நாக்கில் நிற்கவில்லையாம். என் பெயரை முழுசாக எழுதியது இந்த ஆபீசில் உங்கள் கடிதம்தான்.

அன்புடன்,
ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
17.4.2001

அன்புள்ள ஒச்சப்பன் சார்,

விஷு வாழ்த்துகள். கணி வைத்தபோது கொன்றைப் பூவுக்குப் பக்கத்தில் வர்ணிகா சி.டி.யையும் வைத்தேன். அண்ணன் பார்த்துவிட்டு எடுத்து அலமாரியில் வைத்தார்.

நீங்கள் சொன்ன வழி பலிக்கவில்லை. இரண்டு தடவை திறந்தால் முழுக் கட்டடத்தையும் இரண்டு தடவை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. மிஷினில் அவ்வளவு மெமரி இல்லை. பாதியை ஹார்ட் டிஸ்க்கில் போடுவதும் எடுப்பதுமாக ஒரே கடகட சத்தம். இரண்டு படம் வருவதற்கு நூறு நிமிடம் ஆயிற்று. ஒரு பிராசஸரே தேவலை.

ஆனால் அந்த நூறு நிமிடம் எனக்கு வேறு வேலை இல்லாததால் படியில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடவுனில் எட்டுப் பெண்கள் சுக்கு பொறுக்குகிறார்கள். அவர்களுக்கு மேஸ்திரி காளியம்மாள், என் வயதுதான். மூட்டையைக் கொட்டினால் அவள் எட்டுப் பங்காகப் பிரிப்பதில்லை. குவியல் நடுவில் கிடக்கும். ஆளுக்கு ஒரு முறம் அள்ளிக்கொள்வார்கள். முடித்தவள் வந்து அடுத்த முறம் அள்ளுவாள். புழு அரித்த சுக்கு வாய்த்தவள் ஒரு முறத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நல்ல சுக்கு கிடைத்தவள் மூன்று முறம் முடிப்பாள். கடைசியில் பார்த்தால் எட்டுப் பேரும் ஒன்றாக எழுந்து சாயா குடிக்கப் போவார்கள்.

"ஏன்டி பங்கு பிரிச்சுக் குடுக்கறதில்ல?" என்று கேட்டேன்.

"பங்கு வெச்சா ஒருத்தி வேகம் முடிச்சிட்டு மத்தவ மொகத்தப் பாத்துட்டு இருப்பா. அப்புறம் வாய்ப் பேச்சு, அப்புறம் வழக்கு. எனக்கு வேற வேலையில்லையா?" என்றாள்.

சார், நீங்கள் ஏன் படத்தை இரண்டாக வெட்டுகிறீர்கள்? சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி நடுவில் போடுங்கள். முடித்தவர் அடுத்ததை எடுக்கட்டும். முடியுமா, முடியாதா?

கற்பகம்


சென்னை - 20
4.5.2001

அன்புள்ள கற்பகத்துக்கு,

முடியும்! முடிந்தது!

உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். வீட்டுக்குக் கிளம்பியவன், காலில் செருப்பு போடாமல் திரும்பவும் உள்ளே ஓடினேன். மேலாளர் "ஓடுகிற வண்டியில் சக்கரத்தை மாற்றாதே" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு மாற்றினேன். பதினைந்து நாள் ஆயிற்று. இப்போது படம் முந்நூறு சதுரங்களாக நடுவில் கிடக்கிறது. கை ஒழிந்த பிராசஸர் அடுத்த சதுரத்தை எடுத்துக்கொள்கிறது. உங்கள் காயல் படத்தைப் போட்டுப் பார்த்தேன். இருபத்தொரு நிமிடம், கற்பகம்! இரண்டு பச்சைக் கட்டமும் கடைசி வரைக்கும் நிரம்பி நின்றன. பியூனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சரியாக இருபது ஏன் இல்லை என்று நீங்கள் கேட்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும். வரைய ஆரம்பிப்பதற்கு முன்னால் கட்டடம் முழுவதையும் படித்து உள்ளே ஏற்றுவதற்கு இரண்டு நிமிடம் வேண்டும். அதை ஒரே ஆள்தான் செய்ய முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். மீதி முப்பத்தெட்டு நிமிடம்தான் பாதியாகும். எத்தனை பிராசஸர் வைத்தாலும் அந்த இரண்டு நிமிடம் அப்படியேதான் இருக்கும். பெருமையில் இதை மறைக்கப் பார்த்தேன், உங்களிடம் மனம் வரவில்லை.

நாலாயிரத்து ஐந்நூறு படமும் அறுபத்தாறு நாளில் வந்துவிடும். புது சி.டி. இத்துடன். காளியம்மாளிடம் சொல்லுங்கள், அவர் போட்ட ஏற்பாடு அடையாற்றில் ஓடுகிறது.

மகிழ்ச்சியுடன்,
ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
22.5.2001

அன்புள்ள ஒச்சப்பன் சார்,

எட்டாம் தேதி ஆரம்பித்தேன். பதினாலு நாளில் தொள்ளாயிரத்து அறுபது படம். நேற்று ஆசையாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். காயலின் மேல் ஈ பறக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஈ இல்லை, கறுப்புச் சதுரங்கள். ஒரு படத்தில் இங்கே ஓட்டை, அடுத்ததில் ஓட்டையே இல்லை, நாலு படம் தள்ளி வேறிடத்தில் ஓட்டை. எனக்கு அழுகை வந்தது. உங்களை ஒரு வார்த்தை திட்டினேன், மலையாளத்தில், இங்கே எழுத முடியாது.

எந்தப் படம் கெட்டது, எது நல்லது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். காளியம்மாள் மேலே வந்து பார்த்தாள். "இதா காரியம்?" என்றாள். வேலை முடிந்ததும் எட்டுப் பேரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். முறத்தில் சொத்தையைப் பார்த்த மாத்திரத்தில் பொறுக்கும் கண்கள். நான் ஒரு படம் தட்டுவேன், "நல்லது", "நல்லது", "சொத்த!" என்று கோரஸாகச் சத்தம். தெருவில் போன டூரிஸ்ட்டுகள் நின்று கேட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் தொள்ளாயிரத்து அறுபதும் தீர்ந்தது. நூற்றுப் பன்னிரண்டு சொத்தை. மீதி எல்லாம் நல்லது, அது ஓர் ஆறுதல்.

நான் ஒன்று யோசித்தேன். இரண்டு பிராசஸரும் ஒரே நொடியில் ஒரே சதுரத்தில் கை வைக்கின்றனவோ? காளியம்மாளிடம், "ரெண்டு பேர் ஒரே சமயத்துல குவியல்ல கை வெச்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். "வெக்க விட்டாத்தான? முன்ன நிக்கிறவ அள்ளிட்டு மாறணும், அப்புறம்தான் அடுத்தவ. நான் பின்ன எதுக்கு இங்க நிக்கேன்?" என்றாள்.

அண்ணன் திருப்பூணித்துறையில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். பிச்சுமணி என்று பெயர். நல்லவராகத்தான் தெரிகிறது. கல்யாணத்துக்கு அப்புறம் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் எதற்கு என்று அவர்கள் வீட்டில் கேட்டார்களாம். சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

கற்பகம்


சென்னை - 20
30.5.2001

அன்புள்ள கற்பகத்துக்கு,

நீங்கள் யோசித்ததுதான். நூற்றுக்கு நூறு சரி. இரண்டும் ஒரே சதுரத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த சதுரத்தையும் கொடுத்தாயிற்று என்று கணக்கு எழுதிவிடுகின்றன. அதை யாரும் வரைவதில்லை. எப்போதாவதுதான் நடக்கும், அதனால் என் கண்ணில் படவில்லை. இப்போது ஒருவர் எடுத்து முடிக்கும் வரை மற்றவரை நிறுத்திவைக்கும் சின்னப் பகுதி ஒன்று எழுதியிருக்கிறேன். அதற்குப் புரோகிராமில் "காளியம்மாள்" என்றே பெயர் வைத்துவிட்டேன். மேலாளர் பார்த்தால் பார்க்கட்டும்.

இந்த சி.டி.யைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. உங்கள் பதினாலு நாளைக் கெடுத்தவன் நேரில் வந்து நிற்பதுதான் முறை. சனிக்கிழமை காலை எர்ணாகுளத்தில் இறங்கி, படகு பிடித்து வருகிறேன். திட்ட வேண்டியதை மலையாளத்திலேயே திட்டுங்கள்.

ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
19.6.2001

அன்புள்ள ஒச்சப்பனுக்கு,

"சார்" போய்விட்டது, கவனித்தீர்களா? கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய "காரமே இல்லை" என்று பொய் சொன்ன ஆளை எப்படி சார் என்று கூப்பிடுவது?

நீங்கள் போனதிலிருந்து ஒரு சொத்தைகூட இல்லை. வெளியே மழை கொட்டுகிறது. இருபத்தொரு நிமிடத்துக்கு ஒரு படம் வந்து விழுகிறது. கெட்டுப்போன நூற்றுப் பன்னிரண்டையும் முதலில் முடித்துவிட்டேன். கரண்ட் போன நாட்களைக் கழித்தாலும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் எல்லாம் ஆகிவிடும்.

நீங்கள் வந்து போன செய்தி கோடவுனில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "எடி கற்பகம், அந்த மெட்ராஸ்காரன் உன்னப் பாக்க வந்தானா, கம்ப்யூட்டரப் பாக்க வந்தானா? வந்ததுலேந்து அதோட மொகத்தையேல்ல பாத்துட்டு இருந்தான்!" என்றாள் காளியம்மாள். புரோகிராமில் அவள் பெயர் இருப்பதைச் சொன்னேன். "எம் பேருக்கு எதுக்கு மெஷின்ல வேல?" என்று கேட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் எட்டுப் பேரிடமும் தானே சொல்லி முடித்துவிட்டாள்.

அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை, உங்களுக்கே தெரியும். "ஆளு கொள்ளாம்" என்றார். அவர் வாயிலிருந்து நல்ல ஆள் என்று வருவது பெரிய விஷயம். உங்கள் ஊரையும் விசாரித்துவிட்டு, அப்பா வழியில் நமக்கும் அந்தப் பக்கம்தான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பூணித்துறைக்காரர்களிடம் ஆகஸ்ட் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நீங்கள் படகு ஏறிய அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒன்றிலும் மனம் ஓடவில்லை.

கற்பகம்


சென்னை - 20
10.7.2001

அன்புள்ள கற்பகத்துக்கு,

உங்கள் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் காளியம்மாள் கேலி செய்வார், சொல்லவில்லை.

இங்கே ஒரு செய்தி. ஆபீசுக்கு நாலு பிராசஸர் மிஷின் வந்திருக்கிறது. நாலு பேருக்கும் வேலை சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க, நிஜமான படங்களைச் செய்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்று மேலாளரிடம் வாதாடினேன். "அந்த மட்டாஞ்சேரி அம்மாவையே கூப்பிடேன்" என்று அவராகவே சொன்னார்! படம் முடிந்ததும் சென்னைக்கு வந்துவிடுங்கள். அந்த மிஷின் உங்கள் மேசையில்தான் இருக்கும். அறை, சுக்கு மூட்டை என்ற கவலை ஒரேயடியாகத் தீரும்.

வேலைக்காக மட்டும் கூப்பிடவில்லை. நேரில் வந்தபோது சொல்லத்தான் நினைத்தேன், தைரியம் வரவில்லை. உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு ஆசை. உங்களுக்குச் சம்மதம் என்றால் எங்கள் வீட்டில் பேசி, முறைப்படி அண்ணனிடம் கேட்கச் சொல்கிறேன். சம்மதம் இல்லை என்றாலும் வர்ணிகாவில் எந்தக் கோளாறு வந்தாலும் எனக்கே எழுதுங்கள்.

உங்கள்,
ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
19.8.2001

அன்புள்ள ஒச்சப்பனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. படம் ஓடி முடிந்த பிறகுதான் எழுதுவது என்று வைத்திருந்தேன். நீங்கள் பட்டிருக்கும் பாட்டை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஓடிவிட்டது! பந்தலில் வெள்ளைத் துணி கட்டி, முந்நூறு பேர் முன்னால். காயல் தண்ணீரில் அடுக்குமாடியின் ஜன்னல்கள் ஆடியபோது "ஹோ" என்று ஒரு சத்தம் எழுந்தது. அசல் காயல் பத்தடி தூரத்தில் இருக்கிறது, அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். நாலு தடவை ஓடியது. கட்டடக்காரர் அங்கேயே இன்னும் இரண்டு படம் சொன்னார். போர்ட் கொச்சி ஹோட்டல்காரர் ஒருவரும் விலாசம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். காளியம்மாளும் பெண்களும் முதல் வரிசையில் புதுச் சேலையில் உட்கார்ந்து சொத்தை தேடினார்களாம். கிடைக்கவில்லையாம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

சென்னைக்கு வர மாட்டேன். நாலு பிராசஸர் இல்லை, நாற்பது வைத்தாலும் வர மாட்டேன். ஒச்சப்பன், ஆறு மாதம் நான் எதற்காக உங்களைப் பாடாய்ப் படுத்தினேன்? இந்த அறைக்காக. இது எனக்குக் கிடைத்தது நேற்றுமுன்தினம்தான். அண்ணன் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "மேலே மூட்டை ஏத்தல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் உள்ளே போய்த் தேம்பித் தேம்பி அழுதேன். மூன்றாம் நாளே கதவைப் பூட்டிவிட்டு வா என்றால் எப்படி வருவேன்?

இரண்டாவது கேள்விக்குப் பதில், சம்மதம். எப்போது கேட்டிருந்தாலும் சம்மதம்தான். ஆனால் நீங்கள்தான் வர வேண்டும். மிஷினையும் கொண்டு வாருங்கள். வர முடியாது என்றால் அதையும் நேராக எழுதிவிடுங்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் என் பதில் மாறாது.

உங்கள்,
கற்பகம்


சென்னை - 20
29.8.2001

அன்புள்ள கற்பகத்துக்கு,

கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் வெட்கம் வந்தது. அறைக்காக ஆறு மாதம் உயிரைக் கொடுத்து வேலை செய்தவளிடம், அறையை விட்டுவிட்டு வா என்று எழுதியிருக்கிறேன். அதுவும் உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு! அதை எழுதும்போது புத்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் மேலாளர் அறைக்குப் போனேன். வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் உட்காரச் சொன்னார். "புரோகிராம் எழுதுவதற்கு அடையாறு என்ன, மட்டாஞ்சேரி என்ன? சி.டி. கூரியரில் வராதா?" என்றார். ஒரு வருடத்துக்கு அங்கிருந்தே வேலை, மிஷினும் என்னோடு வரும். இங்கே எல்லோரும் உங்கள் முதல் கடிதத்தை எனக்குத் தராமல் ஒளித்துவைத்துக்கொண்டு கல்யாணச் சாப்பாடு கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷம், அப்பாவுக்குச் சுக்கு வியாபாரம் எப்படி என்று தெரிய வேண்டுமாம். அழகர் அண்ணனுக்கு நான் எழுதவா, நீங்கள் சொல்கிறீர்களா? எனக்கு அவரிடம்தான் பயம்.

உங்களுடைய,
ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
8.9.2001

என் அன்புள்ள ஒச்சப்பனுக்கு,

நானே சொல்லிவிட்டேன். ஓணத்துக்கு வந்த கூட்டமெல்லாம் போன பிறகு, அண்ணன் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். முழுசாகப் படித்தார். மடித்தார். சாயாவைக் குடித்து முடித்தார். பிச்சுமணி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பார், வீட்டோடு மாப்பிள்ளையாக ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறாயா என்று கேட்பார், இன்னும் என்னென்னவோ கேட்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு நின்றேன்.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வெளியே எங்கோ போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தார். நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "பேனாவத் தா, கீழ கொஞ்சம் எடம் விடு" என்கிறார். என்ன எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. இடம் விடுகிறேன். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் கற்பகம்

தம்பி ஒச்சப்பனுக்கு, அழகர் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நாலு பிராசஸர் மிஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று உடனே எழுதவும். மேலறைக்குத் தனி மீட்டர் கேட்டு இன்றைக்கு மனு கொடுத்திருக்கிறேன். கற்பகம் பெயரில்தான் கேட்டிருக்கிறேன்.